செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் இரவு தங்கப் போகிறீர்களா?

காரைக்குடியைச் சுற்றி கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி என்று எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடுகளைப் பார்க்கலாம். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போய்க் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் கட்டியவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. பின்னாலேயே பர்மா சுதந்திரமும் நில உடைமைச் சட்டங்களும் வந்தன. தொழில் கைவிட்டுப் போக, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் குடிபெயர, பல வீடுகளில் பூட்டுதான் காவல். அவற்றில் சில இப்போது விருந்தினர் தங்கும் வீடுகள். ராத்தங்கி, காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ஆனால் லாட்ஜ் பழக்கத்தோடு போனால் வீட்டுக்கும் சேதம், நமக்கும் ஏமாற்றம். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

1. முதலில், எந்த மாதிரி இடம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், கோத்தமங்கலம் சாரதா விலாஸ், கடியாபட்டி சிதம்பர விலாஸ் ஆகியவை பலருக்கும் தெரிந்த பெயர்கள். இவற்றில் நிறுவனங்கள் நடத்துவதும் உண்டு, குடும்பத்தாரே நடத்துவதும் உண்டு. நீச்சல் குளம், ஓட்டல் மாதிரி உபசரிப்பு வேண்டுமென்றால் முதல் வகை. வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேச ஆசையென்றால் நாலைந்து அறை மட்டும் விடும் வீடுகள். கானாடுகாத்தானில் இருக்கும் ராஜா வீடு, அதாவது செட்டிநாடு அரண்மனை, தங்குமிடம் அல்ல. பெயர் ஒற்றுமையில் குழம்பிவிடாதீர்கள்.

2. "பாரம்பரிய விடுதி" என்று பலகை மாட்டியதெல்லாம் பழைய வீடாகிவிடாது. மத்திய சுற்றுலா அமைச்சகம் அந்த வகைச் சான்று தருவதற்கு, கட்டடம் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். மேல்தரச் சான்றுக்கு 1935-க்கு முன். எந்த வருஷம் கட்டினது என்று போனிலேயே கேளுங்கள். உண்மையான வீட்டுக்காரர் வருஷத்தோடு யார் கட்டினார், யாருக்காகக் கட்டினார் என்று கதையும் சேர்த்துச் சொல்வார்.

3. போனில் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. அறையோடு சேர்ந்த குளியலறையா? மேல்நாட்டுக் கழிவறையா? ஏ.சி. உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏ.சி.யும் ஓடுமா, வெறும் விளக்கும் விசிறியும்தானா? வாடகையில் காலை உணவு மட்டும் அடக்கமா, இரவு உணவுமா? ஜி.எஸ்.டி. சேர்த்த தொகையா? போகாவிட்டால் முன்பணம் திரும்ப வருமா? பதிலை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

4. அதே போனில் கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி: "அன்னைக்கு வீட்டுல ஷூட்டிங் ஏதாவது இருக்கா?" இந்த வீடுகளைச் சினிமாக்காரர்கள் விடுவதில்லை. வளவு, அதாவது நடுமுற்றம், முழுக்க விளக்குக் கம்பமும் கேபிளுமாக இருந்தால் நீங்கள் அறைக்குள்ளேயே முடங்க வேண்டியதுதான். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்று பங்காளிகள் கூடும் நாளும் உண்டு. வீடு பல பேருக்குப் பொதுச்சொத்து. அந்த நாளில் அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

5. மார்கழியும் தையும் போக நல்ல மாதங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. ஐப்பசி மழையில் போனாலும் நஷ்டமில்லை என்பது என் கட்சி. நான்கு பக்கத் தாழ்வாரத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் கொட்டுவதைத் தூணோரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்த நீரை அண்டாக்களில் பிடித்து வைத்துக்கொள்வார்கள். வறண்ட சீமை அல்லவா!

6. சென்னை எழும்பூரிலிருந்து காரைக்குடிக்கு நேரடி ரயில்கள் உண்டு. கானாடுகாத்தான் பக்கத்திலேயே 'செட்டிநாடு' என்று ஒரு சின்ன நிலையம் இருக்கிறது, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை. காரைக்குடியில் இறங்கி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் காரில் போவதுதான் வசதி. இரவில் வந்து இறங்கினால் வண்டி கிடைப்பது சிரமம். வீட்டாரிடமே சொல்லி வைத்துவிடுங்கள். விமானத்தில் வருபவர்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ ஒரே தூரம்தான்.

7. சக்கரம் வைத்த பெரிய பெட்டி வேண்டாம், தோளில் மாட்டும் துணிப்பை போதும். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற நாலைந்து படி, பிறகு உயரமான நிலைப்படி, அதையும் தாண்டினால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. அந்தத் தரையில் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு நெஞ்சு பதறும். பையில் ஒரு டார்ச், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், குளியலறைக்கு ரப்பர் செருப்பு, மெல்லிய பருத்திப் போர்வை ஆகியவை அவசியம். பழைய வீட்டில் பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்காது.

8. போனதும் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தாமல், வீட்டை ஒருமுறை முன்னிருந்து பின்வரை நடந்து பாருங்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, கடைசியில் அடுப்படி. திண்ணையும் முகப்பும் ஆண்கள் கணக்கெழுதி, வந்தவரை வரவேற்ற இடம். வளவு கல்யாணத்துக்கும் சடங்குக்கும். இரண்டாம் கட்டில் பந்தி. அடுப்படிப் பக்கம் பெண்கள் ராஜ்ஜியம். எல்லா வாசல்களையும் ஒரே நேர்கோட்டில் வைத்திருப்பதால் முன்வாசலில் நின்றால் பின்தெரு வெளிச்சம் தெரியும். எது எங்கே என்று தெரிந்துவிட்டால் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வழி தவறாது.

9. அறை விஷயத்தில் பலரும் ஏமாறுவது இங்கேதான். வீடு அரண்மனை போல இருக்க, காட்டும் அறை சிறியதாக, ஜன்னல் ஒன்றே ஒன்றாக, சில வீடுகளில் அதுவும் இல்லாமல் இருக்கும். காரணம் உண்டு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. அதில் சீர்ச் சாமான், பாத்திரம், நகைப்பெட்டி எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். தூங்குவதும் பேசுவதும் பெரும்பாலும் வளவுத் தாழ்வாரத்தில்தான். ஆகவே காற்றும் வெளிச்சமும் வேண்டுபவர்கள் மாடி அறை கேளுங்கள். வெயில் காலத்தில் மட்டும் மாடி வேண்டாம். சித்திரை மாதத்துக்குக் கீழ் அறையின் தடித்த சுவர்தான் நல்லது. அந்தத் தடித்த சுவரில் வைஃபை வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் வேண்டுமென்றால் வளவுக்கு வர வேண்டும்.

10. ஆத்தங்குடிக் கல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உங்கள் வீட்டுக்கும் உதவும். இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவத் தகர அச்சைப் பொருத்தி, அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் சாயம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் கோடுகள் லேசாகத் தழுவிக்கொள்ளும்; அந்த நெளிவுதான் கைவேலைக்கு அடையாளம். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு ஈரக்கலவை பூசி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பளபளப்பு வருவது அடியில் இருந்த கண்ணாடியால்தான். மேலே கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது. அதனால் எலுமிச்சைச் சாறு, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் கல் அரித்து மங்கிவிடும். மஞ்சள் குழம்பு சிந்தினால் உடனே துடைத்துவிட வேண்டும், காய விடக்கூடாது. தினமும் வெறும் தண்ணீர், எப்போதாவது தண்ணீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் தரை இது. எண்ணெய் அதிகமானால் வழுக்கும், ஜாக்கிரதை.

11. சுவரில் சாய்ந்து உட்காராதீர்கள். குறிப்பாகத் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் வேண்டவே வேண்டாம். கை வைத்தால் பளிங்கு மாதிரி ஜில்லென்று இருக்கும் அந்தப் பூச்சு சுண்ணாம்பால் ஆனது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்த சாந்து அடியில். மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய பூச்சு, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றியது. எண்ணெய்க் கறை ஏறினால் போகாது, மேலே பெயின்ட்டும் நிற்காது. இந்தப் பூச்சைச் சரிசெய்ய ஆள் தேடிப் பிடிப்பது இன்று லேசான காரியம் இல்லை. செல்லோடேப் ஒட்டுவது, ஒட்டும் கொக்கி மாட்டுவது, குழந்தை கிரேயானால் கிறுக்குவது எல்லாம் அறவே கூடாது. பிறந்த நாள் கொண்டாட்டத்துக்குப் போய் பலூன் ஒட்டிய சுவர்களைப் பார்த்திருக்கிறேன். டேப்போடு பூச்சும் உரிந்து வந்திருந்தது.

12. பெண்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி படுக்கப் போகும்போது நெற்றிப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது வேண்டாம். பெல்ஜியத்திலிருந்து வந்த நிலைக்கண்ணாடி அது. பொட்டுப் பசையைச் சுரண்டும்போது கீறல் விழும், ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் விளிம்பு வழியே ஈரம் இறங்கிப் பின்பக்க ரசம் கருக்கும். கைப்பையில் ஒரு சின்ன அட்டை வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒட்டலாம்.

13. தேக்கு நாற்காலியில் ஈரத் துண்டைப் போடாதீர்கள். சூடான காபி டபராவை மர மேஜையில் நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும். துண்டு உலர்த்தக் கொடி எங்கே என்று கேட்டால் பின்கட்டில் காட்டுவார்கள்.

14. கதவு, பூட்டு. வந்ததும் வீட்டாரை ஒருமுறை பூட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள், பிறகு அவர் எதிரிலேயே நீங்களும் செய்து பாருங்கள். பர்மாத் தேக்குக் கதவு கனமானது, மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழும். பழைய பூட்டுகளில் சாவியை இரண்டு சுற்று சுற்ற வேண்டியது உண்டு. முரட்டுத்தனமாகத் திருகினால் சாவி வளையும். குழந்தைகளை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளைப் பழக்காதீர்கள்.

15. வயதானவர்களோடு போகிறவர்கள் கீழ் அறையைச் சொல்லி வையுங்கள், வெயில் காலமானாலும் சரி, மழைக்காலமானாலும் சரி. மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், பிடிப்புக் கம்பி எல்லா வீட்டிலும் இராது. ஒவ்வொரு வாசலிலும் நிலைப்படி உயரம். இருட்டில் கால் இடறும். சப்ரமஞ்சக் கட்டிலும் உயரம்தான், ஏறி இறங்க ஒரு மனைப்பலகை கேளுங்கள். குழந்தைகளுக்கு ஆபத்து இரண்டு இடத்தில்: வளவுத் தாழ்வாரத்தின் விளிம்பு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். தண்ணீர் பட்ட தரையில் ஓடவிடாதீர்கள்.

16. ராத்திரி 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் 'சடக்' என்று இன்னொன்று. பேய் பிசாசு ஒன்றுமில்லை. பகல் வெயிலில் விரிந்த உத்தரமும் ஓட்டுச் சட்டமும் இரவு குளிரும்போது சுருங்கும் சத்தம். வௌவால், ஆந்தை, புறா எல்லாம் உண்டு. ஆள் இல்லாத பக்கத்து வீடுகள் அவற்றுக்குத்தான் குடியிருப்பு. பட்டாலையில் பெண்டுலக் கடிகாரம் இருந்து மணிக்கொரு தரம் அடிப்பது தூக்கத்தைக் கெடுத்தால், நிறுத்தி வைக்கச் சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பயந்த சுபாவம் உள்ள பிள்ளைகளிடம் படுக்கும் முன்பே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்.

17. திறந்த வளவு என்றால் கொசு உண்டு. விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே அறைக் கதவைச் சாத்திவிட வேண்டும். கொசுவலை உண்டா என்று கேளுங்கள். கொசுவர்த்திச் சுருளைத் தரையில் வைத்தால் கல்லில் கறை ஏறும், தட்டில் வையுங்கள். அறைக்குள் சூடம், ஊதுபத்தி கொளுத்துவது வேண்டாம். மேலே இருப்பதெல்லாம் மரம்.

18. சாப்பாடு. இதற்காகவே போகலாம், ஆனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இந்த வீடுகளில் எண்ணிக்கைக்குத்தான் சமைப்பார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து மெனு கார்டு கேட்டால் கிடைக்காது. எத்தனை பேர், சைவமா அசைவமா, சர்க்கரை, உப்பு குறைக்க வேண்டுமா என்று சொல்லிவிடுங்கள். 'செட்டிநாடு' என்று போர்டு போட்ட ஓட்டல்களில் வாய் எரியும் காரத்தை வைத்து இந்த வீட்டுச் சமையலை எடை போடாதீர்கள். மசாலாவை அன்றன்றைக்கு அரைக்கும் வீட்டில் வாசனைதான் தூக்கலாக இருக்கும், காரம் அளவோடுதான்.

காலைப் பலகாரத்துக்கு இட்லியும் பொங்கலும் எங்கும் கிடைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வெள்ளைப் பணியாரம், கோசமல்லி, கந்தரப்பம், பால் பணியாரம், கவுனி அரிசி. கவுனியைக் கேட்டால் முந்தின நாளே ஊறப்போட வேண்டும், கருப்பரிசி சீக்கிரம் வேகாது. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டால், "ஆழாக்கு நிறையப் பச்சரிசியை எடுத்துக்கங்க, அதுக்கு மேலேயே கோபுரமா உளுந்தைக் கொட்டுங்க, நிக்கிற மட்டும்தான் அளவு" என்று வீட்டு ஆச்சி ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்து, மிதமான சூட்டில் எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். தானாக எழும்பி மேலே வந்ததும் ஒரே ஒரு முறை திருப்பிப் போடுங்கள். நிறம் மாறும் முன் எடுத்துவிட வேண்டும், சிவந்துவிட்டால் அது வெள்ளைப் பணியாரம் இல்லை. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

19. பூட்டியிருக்கும் அறையைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அது சாமி அறையாக இருக்கும், இல்லை ஒரு பங்காளியின் சாமான் இருக்கும். முன்னோர் படங்களைப் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். வளவில் வற்றல் காய்ந்தால் சுற்றிப் போங்கள். நிலைப்படியில் உட்காரக்கூடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

20. மறுநாள் பிள்ளையார்பட்டி, திருமயம் கோட்டை, ஆத்தங்குடிக் கல் பட்டறை மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மங்குச் சாமான், பித்தளை, மரத்தூண் என்று எல்லாம் வரும். இடித்த வீடுகளிலிருந்து வந்தவை இவை என்பதை நினைத்தால் பேரம் பேச மனம் வருவதில்லை, அது வேறு விஷயம். புதிதாக ஏதாவது வாங்க ஆசையென்றால் பனையோலைக் கொட்டானும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையும் இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போக 1972-ஆம் வருஷச் சட்டம் அனுமதிப்பதில்லை. வயது குறைவு என்றால், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

21. ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும். கூட வருபவர் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், சொந்தத் தம்பி மகனாகவே இருந்தாலும், விசா விவரத்தோடு வீட்டார் அவருக்கான படிவம் பதிய வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் காரைக்குடியில் விட்டுவிட்டு கானாடுகாத்தானுக்குப் போய் நிற்காதீர்கள். கிராமத்து ஏ.டி.எம்.மை நம்பாமல் கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்தவருக்கும் பெருக்கித் துடைத்தவருக்கும் தனித்தனியே கையில் கொடுத்துவிட்டு வரலாம்.

22. கிளம்பும்போது ஏ.சி., விசிறி, கெய்சர் மூன்றையும் அணைத்துவிட்டு, ஏதாவது உடைந்திருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, அறைச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்ய ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. நீங்கள் கூரியரில் அனுப்பி, அது போய்ச் சேரும் வரை அடுத்து வருபவருக்கு அந்த அறையைத் திறந்துவிட முடியாது.